குதம் இங்கே, ஒப்பந்தம் எங்கே?

(சங்கத்தின் நூற்றாண்டையொட்டிச் சீனன்குடாவில் நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரையை எழுதியவர்கள் நாங்கள் நால்வர். ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்தவர்கள். இன்று ஒருவர் வங்கியில் வேலை பார்க்கிறார். ஒருவர் படிப்பிக்கிறார். ஒருவர் கனடாவிலிருந்து விடுமுறையில் வந்திருக்கிறார். மற்றவருடைய வீட்டுக்காரருக்குக் கொட்பேயில் படகு இருக்கிறது. வர்த்தகம், வரி, சட்டதிட்டம் என்று பெரிய நாடுகள் மோதிக்கொள்வதைப் பற்றிப் பழைய மாணவிகளுக்கு விளங்கும்படி பேசுங்கள் என்று செயற்குழு எங்களைக் கேட்டுக்கொண்டது. வாஷிங்டனிலிருந்தோ பெய்ஜிங்கிலிருந்தோ தொடங்க எங்களுக்கு மனம் வரவில்லை. இந்த மண்டபத்துக்கு அருகிலேயே காடு மூடிக் கிடக்கும் எண்ணெய்க் குதங்களிலிருந்து தொடங்குகிறோம். நமது சங்கத்துக்கும் அந்தக் குதங்களுக்கும் ஏறத்தாழ ஒரே வயது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எந்த நாட்டுக்கும் ஆதரவாகவோ எதிராகவோ பேச நாங்கள் வரவில்லை. பெரியவர்களின் வழக்குகள் நம் ஊருக்கு எப்படி வந்து சேர்கின்றன, அவை வரும்போது நாம் என்ன செய்யலாம் என்பதே எங்கள் பேச்சு.

சின்ன இடம், பெரிய பங்காளிகள்

சீனன்குடா சின்ன இடம். ஒரு ரயில் நிலையம், ஒரு விமானத்தளம், கொட்பே மீன்பிடித் துறைமுகம். நம் வீட்டுப் பாணுக்கான கோதுமை கடல் கடந்து வந்து மாவாகும் பிறீமா ஆலை இங்கேதான் இருக்கிறது. அதைக் கட்டியது சிங்கப்பூர் நிறுவனம். பக்கத்தில் சீமெந்துத் தொழிற்சாலை. அதன் பெயரிலேயே டோக்கியோ இருக்கிறது. நம்மில் பலருடைய தகப்பன்மார் இந்த இடங்களில் வேலை செய்துதான் நம்மைப் படிப்பித்தார்கள்.

குதங்களைக் கட்டியவர்கள் பிரித்தானியர். தங்கள் கடற்படைக் கப்பல்களுக்கு எண்ணெய் சேமித்து வைக்க, இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் கட்டினார்கள். எண்ணூறு ஏக்கருக்கு மேற்பட்ட காணி. ஒவ்வொரு குதமும் ஏறத்தாழ 10,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது குதமொன்று எரிந்து அழிந்தது. இன்று எஞ்சியிருப்பவை 99. அவற்றில் 85 மேல் தொகுதியிலும் 14 கீழ்த் தொகுதியிலும் இருக்கின்றன. எல்லாவற்றையும் நிரப்பினால் பத்து இலட்சம் தொன்னுக்குக் கிட்ட வரும்.

1957 ஒக்டோபரில் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அதன் பிறகு குதங்களில் பெரும்பாலானவை வெறுமையாகவே கிடந்தன. காரணம் எளிது. நாட்டின் சுத்திகரிப்பு நிலையம் 1969இல் சப்புகஸ்கந்தையில் வந்தது. எரிபொருளை அதிகம் பாவிப்பது மேல் மாகாணம். இங்கிருந்து அங்கே எண்ணெய் கொண்டுபோகக் குழாய்வழி கிடையாது. பழைய குதங்களைத் திருத்தப் பெருந்தொகை வேண்டும். ஆனால் ஆழமான இயற்கைத் துறைமுகமும் அதன் கரையிலேயே இவ்வளவு பெரிய சேமிப்பிடமும் உலகத்தில் எத்தனை இடங்களில் இருக்கும்? விலை குறையும்போது வாங்கி வைக்கலாம், ஏறும்போது விற்கலாம். கடந்துபோகும் கப்பல்களுக்கு ஊற்றலாம். ஆகவே நமக்குப் பயன்படாத பொருள்மீது மற்றவர்களின் கண் எப்போதும் இருந்துகொண்டே வந்திருக்கிறது.

பழைய வழக்குகள் இரண்டு

நாட்டின் கதையிலிருந்து இரண்டு வழக்குகளைச் சொன்னால்தான் குதங்களின் கதை விளங்கும்.

முதலாவது 1952. கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. சீனாவுக்கு இறப்பர் விற்கக்கூடாது என்ற தடையின் பின்னால் அமெரிக்கா நின்றது. இலங்கையில் அரிசிக்குத் தட்டுப்பாடு, இறப்பருக்கு விலை வீழ்ச்சி. அப்போதைய வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க பெய்ஜிங் போய் அந்த ஆண்டு டிசெம்பரில் அரிசி–இறப்பர் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டார். ஆண்டுக்கு 2,70,000 தொன் அரிசி வரும், 50,000 தொன் இறப்பர் போகும், ஐந்து ஆண்டுகளுக்கு. அமெரிக்காவுக்கு அது பிடிக்கவில்லை, உதவி கிடைக்கவில்லை. ஆனாலும் நம் பாட்டிமாரின் பானையில் அரிசி வெந்தது. இறப்பருக்கும் சந்தை விலையைவிடக் கூடுதலான விலை கிடைத்தது.

இரண்டாவது எண்ணெய் பற்றியதே. 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்மூலம் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உருவாக்கப்பட்டது. அதுவரை ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் என்ற வெளிநாட்டு நிறுவனங்களின் கையில்தான் எரிபொருள் வியாபாரம் இருந்தது. 1962இல் அவற்றின் சொத்துக்களில் ஒரு பகுதியை அரசு பொறுப்பேற்றது. நட்டஈடு எவ்வளவு, எப்போது என்பதில் இழுபறி. அமெரிக்கக் காங்கிரஸ் அந்த ஆண்டுதான் ஒரு விதியைக் கொண்டுவந்திருந்தது. அமெரிக்கச் சொத்தை எடுத்துவிட்டு உரிய நட்டஈடு கொடுக்க நடவடிக்கை எடுக்காத நாட்டுக்கு உதவியை நிறுத்த வேண்டும் என்பது அந்த விதி. 1963 பெப்ரவரியில் அது இலங்கைமீது பாய்ந்தது. உலகத்திலேயே அந்த விதி முதன்முதலில் பிரயோகிக்கப்பட்டது நம் நாட்டின்மீதுதான். 1965இல் ஆட்சி மாறிய பிறகு நட்டஈடு பேசித் தீர்க்கப்பட்டது. உதவி மீண்டும் வந்தது.

இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் எவ்வளவு தருவோம், எவ்வளவு பெறுவோம், எத்தனை ஆண்டு என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. இரண்டாவதில் நட்டஈட்டுக் கணக்கு பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டது. கூட்டுத்தாபனத்தை உருவாக்கியது சரியா பிழையா என்று நாங்கள் இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. கணக்கை எழுதாமல் விட்டதற்கு நாடு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் விலை கொடுத்தது என்பதை மட்டும் சொல்கிறோம்.

குதங்களின் தாள்கள்

இனிச் சீனன்குடாவுக்குத் திரும்புவோம். 1980களின் தொடக்கத்தில் குதங்களைக் குத்தகைக்குக் கொடுக்க அரசு விலைமனு கோரியது. வெளிநாட்டு நிறுவனங்கள் முன்வந்தன. இவர்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று இந்தியா சந்தேகப்பட்டது. அந்தச் சந்தேகத்துக்குப் பதிலாக எழுதப்பட்டது 1987 ஜூலை 29ஆம் திகதிக் கடிதம். இலங்கை–இந்திய உடன்படிக்கை என்றால் நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது மாகாண சபையும் அமைதிப்படையும்தான். அதோடு ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜெயவர்த்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் நம் குதங்களைப் பற்றியும் இருக்கிறது. குதங்களைத் திருத்தி நடத்தும் வேலையை இரண்டு நாடுகளும் கூட்டாகச் செய்யும் என்பது அதன் சாரம். ஒரு வரிதான். எப்போது, எவ்வளவு முதலீடு, யாருக்கு எத்தனை பங்கு என்று அதில் இல்லை.

அந்த ஒரு வரி பதினைந்து ஆண்டுகள் அப்படியே கிடந்தது. யுத்த காலத்தில் குதங்களைப் பற்றி யார் யோசிப்பது? 2003 பெப்ரவரியில் ஓர் ஒப்பந்தம் வந்தது. இந்திய அரச நிறுவனமான ஐ.ஓ.சி.யின் இலங்கைக் கிளைக்கு, அதாவது நாம் தினமும் காணும் லங்கா ஐ.ஓ.சி.க்கு, 35 ஆண்டுகளுக்குக் குதங்கள். ஆண்டு வாடகை 1,00,000 அமெரிக்க டொலர். குதமொன்றுக்கு மாதம் நூறு டொலரும் வராது. கீழ்த் தொகுதியை அவர்கள் திருத்திப் பாவித்தார்கள். மேல் தொகுதியில் மரங்கள் வளர்ந்தன. அந்த ஒப்பந்தத்தைத் தொடர்ந்து எழுதப்பட வேண்டிய முறையான குத்தகைப் பத்திரம் கைச்சாத்திடப்படவேயில்லை என்பது பிறகு பெரிய வாதமாயிற்று. பத்திரம் இல்லையென்றால் குதம் யாருடையது? கொழும்பில் ஒரு கதை, டெல்லியில் ஒரு கதை.

2017 ஏப்ரலில் டெல்லியில் ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தாகியது. குதங்களும் அதில் இருந்தன. அந்த ஜூலையில் பெற்றோலியத் தொழிற்சங்கங்கள் குதங்களைக் கொடுக்கக்கூடாது என்று வேலைநிறுத்தம் செய்தன. எரிபொருள் விநியோகம் அத்தியாவசியச் சேவை என வர்த்தமானியில் வந்தது. இராணுவம் அழைக்கப்பட்டது. 2022 ஜனவரி 6ஆம் திகதி கடைசியில் ஒரு பங்கீடு எழுதப்பட்டது. கூட்டுத்தாபனத்துக்கு 24 குதங்கள். லங்கா ஐ.ஓ.சி.க்கு 14. மிகுதி 61 இரண்டும் சேர்ந்த புதிய நிறுவனத்துக்கு, அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐ.ஓ.சி.க்கு 49 வீதம். காலம் 50 ஆண்டுகள். 1987இல் எழுதிய ஒரு வரிக்கு இலக்கங்கள் கிடைக்க 34 ஆண்டுகளுக்கு மேல் எடுத்திருக்கிறது. அந்த வரி எழுதப்பட்ட ஆண்டில் பிறந்த பிள்ளை நமது கல்லூரியில் சேர்ந்து, படித்து முடித்து, தன் பிள்ளையையும் கல்லூரியில் சேர்க்கும் காலம் அது.

பங்கீடு எழுதிச் சில மாதங்களில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாட்டில் டொலர் முடிந்தது. 2022 ஜூன் கடைசியில் அத்தியாவசியச் சேவைகளைத் தவிர மற்றவர்களுக்கு எரிபொருள் இல்லை என்று அரசு அறிவித்தது. கூட்டுத்தாபனத்தின் நிலையங்கள் வரண்டு கிடந்தபோது ஐ.ஓ.சி. நிலையங்களில் விற்பனை நடந்தது. எங்களில் இருவர் அந்த வரிசைகளில் இரவு பகலாக நின்றவர்கள். ஐந்து வருடத்துக்கு முன் குதத்தை இந்தியாவுக்குக் கொடுக்காதே என்றவர்களும் அந்த வரிசையில் நின்றார்கள், கொடுக்கலாம் என்றவர்களும் நின்றார்கள். அந்த ஆண்டு பெப்ரவரியில் எரிபொருள் வாங்க இந்தியா தந்த 50 கோடி டொலர் கடன் வசதியையும் மறக்க முடியாது. அதேவேளை, ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது சின்னப் படகுக்காரர் வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதும் இந்தப் பக்கத்துப் பெண்களுக்குத் தெரியும்.

அதன் பிறகு கதையில் ஆட்கள் கூடியிருக்கிறார்கள். 2023இல் சீனாவின் சினோபெக் எரிபொருள் சில்லறை வியாபாரத்துக்குள் வந்தது. ஹம்பாந்தோட்டையில் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கும் அனுமதியும் அதற்குக் கிடைத்தது. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. தெற்கில் ஒருவர், கிழக்கில் ஒருவர். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். உலகம் இரண்டுபட்டால் நம் துறைமுகத்துக்கு அது கொண்டாட்டமாகவும் இருக்கலாம், திண்டாட்டமாகவும் இருக்கலாம். எதுவென்பது தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

மீனும் துணியும்

எண்ணெய் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனைத் தடைசெய்தது. ஆழ்கடலில் சட்டவிரோதமாகப் பிடிப்பதைத் தடுக்க இலங்கை போதிய கட்டுப்பாடு வைக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. பிரசல்ஸில் எழுதிய விதி கொட்பேயில் சூரை மீனின் விலையில் தெரிந்தது. தடை நீங்க 2016 ஜூன் வரை சென்றது. அதற்காகப் பலநாள் படகுகளில் செய்மதிமூலம் இருப்பிடம் காட்டும் கருவி பூட்டப்பட்டது. கடலின் நன்மைக்கு அந்த விதி நல்லது என்றே நாங்கள் நினைக்கிறோம். ஆனால் எச்சரிக்கை தடைக்கு வெகு முன்பே வந்துவிட்டது. அது தமிழில், படகுக்காரருக்கு விளங்கும் மொழியில், கரைக்கு வந்ததா என்பதே கேள்வி.

2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி என்று அறிவித்தது. ஜூலையில் 30 என்றது. ஓகஸ்டில் 20 ஆக்கியது. நம் நாட்டின் ஏற்றுமதியில் முதலிடம் ஆடைகளுக்கு, அவற்றைத் தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நமது கல்லூரியின் தங்கைமாரும் அவர்களுள் இருக்கிறார்கள். அதே ஓகஸ்டில் இந்தியாவுக்கு மொத்தம் 50 வீதம் வந்தது. அதில் பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக. பாருங்கள், வாஷிங்டனும் டெல்லியும் மொஸ்கோவும் எண்ணெய்க்காகப் பிடித்த சண்டை, நம் குதங்களின் பங்காளி நாட்டையே தொட்டது.

இப்படியான வழக்குகளைத் தீர்க்கத்தானே உலக வர்த்தக நிறுவனம் இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். 1995இல் அது தொடங்கியபோதே இலங்கை உறுப்பு நாடு. ஆனால் அதன் மேன்முறையீட்டுச் சபை 2019 டிசெம்பரிலிருந்து இயங்கவில்லை. புதிய உறுப்பினர்களை நியமிக்க அமெரிக்கா இணங்காததே காரணம். பெரியவர்களுக்குள் கடைசித் தீர்ப்புச் சொல்லும் இடம் இன்று பூட்டிக் கிடக்கிறது. அப்படியான காலத்தில் சின்ன நாட்டுக்கும் சின்ன ஊருக்கும் இருக்கும் பாதுகாப்பு, தெளிவாக எழுதிய ஒப்பந்தமும் அதை வாசித்த மக்களும்தான்.

நாம் என்ன செய்யலாம்?

நமது சங்கம் இந்த நூறு ஆண்டில் கட்டடம் கட்டியிருக்கிறது, புலமைப்பரிசில் கொடுத்திருக்கிறது, யுத்தத்திலும் சுனாமியிலும் பிள்ளைகளுக்குப் புத்தகமும் உடுப்பும் கொடுத்திருக்கிறது. அடுத்த வேலையாக நாங்கள் முன்வைப்பது இதுதான். குதங்களைப் பற்றிய எல்லாத் தாள்களையும் சேர்ப்போம், தமிழில் தருவோம்.

இதற்குச் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இலங்கைப் பிரஜை எவரும் அரச நிறுவனத்திடம் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்டு 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டும். வெளிநாட்டு வர்த்தக உடன்படிக்கைகள் பற்றிய தீர்மானங்களை முன்கூட்டியே வெளியிட்டால் பொருளாதாரத்துக்குப் பாரதூரமான பாதிப்பு வருமென்றால் மறுக்கலாம் என்று ஒரு விலக்கு உண்டு. ஆனால் பொதுநலன் அதைவிடப் பெரிதென்றால் கொடுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் போகலாம்.

அதே சட்டத்தில் 9ஆம் பிரிவு என்று ஒன்றிருக்கிறது. அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஒரு லட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டமென்றால், அது தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன் பொதுமக்களுக்கும், குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அதன் விபரங்களைத் தெரிவிப்பது அமைச்சரின் கடமை. 2003இல் 99 குதங்களுக்கும் பேசிய ஒரு வருட வாடகையும் அதே ஒரு லட்சம் டொலர்தான்.

ஆகவே எரிசக்தி மையத்தின் வேலை இங்கே தொடங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகளை இப்போதே எழுதி வைப்போம். மேல் தொகுதிக் காணியின் எல்லை எது, அதைச் சுற்றி இருக்கும் குடும்பங்களின் நிலை என்ன? புதிய குழாய்வழி எந்தப் பாதையால் போகும்? குடாவில் எண்ணெய் கசிந்தால் கொட்பேப் படகுகளுக்கு நட்டஈடு யார் கொடுப்பது, எந்தக் கணக்கில்? உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு எத்தனை வேலை, காவலாளி வேலை மட்டுமா, பொறியியலாளர் வேலையுமா? 50 ஆண்டு முடியும்போது குதங்கள் எந்த நிலையில் திரும்பி வரும்? இந்தக் கேள்விகளுக்குத் தாளில் பதில் இருந்தால் நமக்குச் சந்தோஷம். இல்லையென்றால் கைச்சாத்துக்கு முன் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். 1963இன் பாடமும் 2003இன் பாடமும் அதுதான்.

வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். ஊரில் இருப்பவர்கள் விண்ணப்பம் எழுதுவோம். கொழும்பில் சட்டத்தரணிகளாக இருக்கும் நம் அக்காமார் அதைப் பார்த்துத் தரட்டும். லண்டன், டொரொன்டோ, மெல்பேர்ண், சென்னை என்று இருப்பவர்கள் அங்கங்கே துறைமுக ஊர்கள் இப்படியான ஒப்பந்தங்களில் என்ன கேட்டுப் பெற்றன என்று தேடி அனுப்பட்டும். கிடைக்கும் ஒவ்வொரு தாளின் சுருக்கத்தையும் தமிழில் எழுதிக் கல்லூரி நூலகத்தில் வைப்போம். சிங்களத் தோழிகளும் முஸ்லிம் தோழிகளும் நமது வகுப்புகளில் இருந்தவர்கள்தான். அவர்களுக்கும் இதே கடல்தான், இதே குதம்தான். சிங்களத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

இன்னொன்று. நூற்றாண்டுப் புலமைப்பரிசில்களில் ஒன்றையாவது வர்த்தகச் சட்டமோ, கடல்சார் பொறியியலோ, பெற்றோலியத் தொழில்நுட்பமோ படிக்கப் போகும் பிள்ளைக்கு ஒதுக்குங்கள். 50 ஆண்டுக் குத்தகை 2072 வரை போகும். அது முடியும் மேசையில் இருக்கப்போகிறவர்களில் பலர் இன்னும் பிறக்காதவர்களாக இருக்கலாம். ஆனால் நடுவில் ஒவ்வொரு முறையும் கணக்குப் பார்க்க உட்காரும்போது, எதிர்ப்பக்கத்துப் பத்திரத்தை வாசித்து, இந்த வாசகம் எங்கள் ஊருக்குச் சரிவராது, மாற்றுங்கள் என்று சொல்ல நமது கல்லூரிப் பிள்ளை ஒருவர் அங்கே இருக்க வேண்டும். அதற்கான முதல் நிதிக்கு எங்கள் வகுப்பின் பங்கைப் பொருளாளரிடம் இன்று ஒப்படைக்கிறோம். மற்ற வகுப்புகளும் சேர்ந்துகொள்ளுங்கள்.